இரக்கத்தை மட்டும் நம்பி இந்த வேலைக்கு வராதீர்கள்

எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு, வீடு வீடாகப் போய்க் குடும்பங்களுக்கு உதவுகிற வெளிக்கள உத்தியோகத்தர் எடுக்கும்போது நேர்முகத் தேர்வில் என்னையும் ஒரு கதிரையில் உட்கார வைப்பார்கள். "ஏன் இந்த வேலைக்கு வர விரும்புறீங்கள்?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார். பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கஷ்டப்படுகிற சனங்களுக்கு உதவ வேண்டும், சின்ன வயதிலிருந்தே அந்த ஆசை. பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பதிலை வைத்து ஆளை எடை போட முடியாது. இதே பதிலைச் சொல்லி வந்தவர்களில் ஒருவர் முதல் மழைக்காலத்தோடு வேலையை விட்டார். இன்னொருவர் இன்றைக்கும் புளூமெண்டால் பக்கத்து ஒழுங்கைகளில், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்கிறார்.

நாங்கள் வேலை செய்வது வடகொழும்பில். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் என்று, இங்கே தோட்டம் என்று சொல்கிற நெருக்கமான குடியிருப்புகளும் தொடர்மாடிகளும் நெருங்கிக் கிடக்கிற பகுதி. நான் இந்த வேலைக்கு வந்த கதையில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் நிறுவனங்கள் முளைத்தன. தமிழும் சிங்களமும் எழுத வாசிக்கத் தெரிந்த ஆட்களைத் தேடித் திரிந்தார்கள். எனக்கு இரண்டும் தெரியும், வீட்டில் சம்பளம் தேவை, போய்ச் சேர்ந்தேன். அவ்வளவுதான். சேவை மனப்பான்மை என்றெல்லாம் அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

புண்ணியம் கிடைக்கும் என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஊழியம் என்று வருகிறவர்கள், மறுமைக்கு என்று வருகிறவர்கள், கனடா விண்ணப்பத்துக்கு அனுபவக் கடிதம் வேண்டும் என்று வருகிறவர்கள், எல்லோரையும் பார்த்துவிட்டேன். எல்லா வகையிலும் நல்ல வேலைக்காரர்கள் உண்டு. அனுபவக் கடிதத்துக்கு வந்த பிள்ளை ஒன்று கடைசியில் கடிதத்தையே மறந்துவிட்டு எங்களோடு தங்கிவிட்டது. எனக்குப் பயம் எல்லாம் நன்றியை எதிர்பார்த்து வருகிறவர்களைப் பற்றித்தான். ஒருமுறை உலர் உணவுப் பொதி கொடுக்கப் போன இடத்தில் ஓர் அம்மா பொதியை வாங்கி அங்கேயே பிரித்துப் பார்த்துவிட்டு, "போன முறை பருப்பு முழுக்க வண்டு, மிஸ்" என்றார். கூட வந்த புதுப் பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் "ஓசியில குடுக்கிறதுக்கும் குறை சொல்லுறாங்க" என்று புறுபுறுத்துக்கொண்டே வந்தான். பக்கத்தில் நடந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. குறிப்புப் புத்தகத்தில் 'பருப்பு, வண்டு, எந்தக் கடை?' என்று எழுதினார். அடுத்த நாள் பொதி கட்டித் தந்த கடைக்குத் தொலைபேசி எடுத்தார். இருவரில் யாருக்கு இரக்கம் கூட என்று கேட்டால், பையனுக்குத்தான் என்பேன். முதல் நாள் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்து அழுதவன் அவன்.

இந்த இரக்கத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. இரங்கப்படுகிறவர் நாம் நினைக்கிற மாதிரியே நடந்துகொள்ள வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடும். அவர் கோபப்பட்டால், பொய் சொன்னால், வாங்கின காசில் பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் வாங்கினால், இரக்கம் அப்படியே கோபமாகத் திரும்பும்.

தாங்களே அடிபட்டு வந்தவர்கள் இன்னொரு வகை. சிறுவர் இல்லத்தில் வளர்ந்த ஓர் இளைஞர் எங்களிடம் வேலை செய்தார். எந்த வீட்டுக்குள் போனாலும் அவருடைய கண் முதலில் பிள்ளையின் புத்தகப் பை எங்கே தொங்குகிறது, பிள்ளை படுப்பது எந்த மூலையில் என்றுதான் தேடும். அதை வைத்தே அந்த வீட்டைப் பற்றிப் பாதி சொல்லிவிடுவார். நாங்கள் பத்துக் கேள்வி கேட்டு அறிவதை அவர் வாசலில் நின்றே அறிந்தார். ஆனால் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற தகப்பன் இருந்தால் அந்த வீட்டில் அவரால் இருக்க முடியாது. குரல் மாறிவிடும். "நான் தாயும் தகப்பனும் இல்லாமலே படிச்சு வந்தவன், உங்களுக்கு என்ன குறை?" என்று பிள்ளைகளிடம் ஒருநாள் கேட்டுவிட்டார். சொந்தக் காயம் வழி காட்டும், சில நேரம் வழியை மறிக்கவும் செய்யும். அவரோடு உட்கார்ந்து பேசி அப்படிப்பட்ட வீடுகளைக் கொஞ்சக் காலம் வேறொருவருக்கு மாற்றினோம். அதை அவர் தண்டனையாக எடுக்கவில்லை. எந்த வீட்டுக்குத் தன்னால் போக முடியாது என்று வாய்விட்டுச் சொல்கிற ஆளை வைத்து வேலை செய்வது எனக்குச் சுலபம்.

சரி, எதுதான் வேண்டும்? என்னைக் கேட்டால், சொன்ன நாளில் சொன்ன இடத்தில் போய் நிற்கிற குணம். கேட்கச் சப்பென்று இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தகப்பன் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் நாட்டாமி, வெங்காய மூட்டை தூக்குகிறவர். தாய் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். மூத்த மகன் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க வேண்டிய வயதில் இருக்கிறான், பிறப்புச் சான்றிதழ் இல்லை. அது இல்லாமல் அடையாள அட்டை எடுப்பது கஷ்டம். பாட்டி வீட்டு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்த பிள்ளை. யாரோ பதிவதாகச் சொல்லியிருக்கிறார்கள், யாரும் பதியவில்லை. பிள்ளை பிறந்து மூன்று மாதத்துக்குள் பதிந்தால் அலுவல் லேசாக முடியும். காலம் கடந்துவிட்டால் காலங்கடந்த பிறப்புப் பதிவு என்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய பதிவேட்டில் தேடிப் பார்த்தும் பெயர் இல்லை என்ற பதில், பாடசாலைச் சேர்வுப் பதிவு, கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிறந்ததை அறிந்தவர்களின் சத்தியக் கடதாசி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். தாய் இதற்கு முன்னரே தனியாக அலைந்து களைத்திருந்தார். "போற இடமெல்லாம் நாளைக்கு வா, நாளைக்கு வானு சொல்றாங்க மிஸ். ஒரு நாள் போனா அவருக்கு ஒரு நாள் கூலி இல்ல" என்றார்.

இந்த வேலையை எடுத்தது எங்கள் உத்தியோகத்தர்களில் அதிகம் பேசாத ஒரு தங்கச்சி. நேர்முகத் தேர்வில் நாலு வரிக்கு மேல் பேசத் தெரியாமல் முழித்தவள். அவள் செய்தது எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஒரு கொப்பியில் பக்கத்தை நாலாகக் கோடு கீறி, போன தேதி, சந்தித்தவர், அவர் சொன்னது, அடுத்த தேதி என்று எழுதி வந்தாள். "போன 12ஆம் திகதி நீங்கள் இந்தக் கடிதம் போதும் என்று சொன்னீங்கள் சேர்" என்று தேதியோடு சொல்லும்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரின் குரலே மாறும். ஒரு கந்தோரில் சிங்களப் படிவத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தோடு அரசியலமைப்பில் எழுதியாயிற்று, கவுண்டர் வரை அது வந்து சேர்வது அன்றைக்கு அங்கே இருக்கிறவரின் மனநிலையைப் பொறுத்தது. தங்கச்சிக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு, தானே நிரப்பிக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. "அம்மாவுக்கு வாசிச்சுக் கையெழுத்து வைக்கத் தமிழ் ஃபோர்ம் தேவை" என்று சிங்களத்தில் தன்மையாகக் கேட்டுவிட்டு நகராமல் நின்றாள். அவர் கீழ் லாச்சியைத் திறந்து தேடினார். இருந்தது.

நகராமல் நிற்கிறதும் ஒரு பொறுமைதான். பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பொறுமை சனங்களிடம் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது, அதை நாங்கள் போய்ச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

இன்னொன்று, கந்தோருக்குத் தாயைக் கூட்டிக்கொண்டு போனாலும் பேச விட்டது தாயைத்தான். முதல் முறை தாய் இரண்டு வார்த்தையோடு இவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போகப் போகத் தானே பேசினார். சிங்களம் வராத இடத்தில் மட்டும் இவள் உதவினாள். வெள்ளிக்கிழமை தவறாமல் தாய்க்குத் தொலைபேசி எடுப்பாள். சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் "இன்னும் ஒரு பதிலும் வரயில்ல அம்மா, திங்கட்கிழமை திரும்பக் கேக்கிறன்" என்பாள். புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள். நல்ல செய்தி வந்த பிறகு பேசலாம் என்று தள்ளிப்போடுவார்கள். அந்த மௌனத்தைக் குடும்பம் எங்களையும் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

சான்றிதழ் வந்தபோது அந்த வருட விண்ணப்பத் திகதி கடந்திருந்தது. பையன் அடுத்த வருடம்தான் பரீட்சை எழுதினான். இந்த வேலையில் வெற்றி என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் இப்படி ஒரு வருடம் பிந்தி வருகிறதுதான். பிந்தி வந்தாலும் பரவாயில்லை என்று அடுத்த கோவையைத் திறக்க மனம் வராதவருக்கு இது சரிவராது.

அடுத்தவரின் முடிவை அவரிடமே விட்டுவைப்பது இதைவிடக் கடினம். மட்டக்குளியில் ஒரு தொடர்மாடியில் இருந்த பெண் கணவனின் அடி தாங்காமல் எங்களிடம் வந்தார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்று சொல்லி, சட்டத்தரணி பிடித்து, எல்லாம் ஒழுங்கு செய்தாயிற்று. விசாரணைக்கு முதல் கிழமை அவர் பிள்ளைகளோடு கணவன் வீட்டுக்கே திரும்பிவிட்டார். எங்கள் இளம் உத்தியோகத்தருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இனி அவ வந்தா நான் பார்க்கமாட்டேன்" என்றாள். அனுபவப்பட்ட அக்கா கேட்ட ஒரே கேள்வி, "நம்பர் குடுத்து விட்டியா?"

அக்கா அடுத்த கிழமை அந்தப் பக்கம் போனார். கணவன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, "இந்த வழியால வந்தன், ஒரு பிளேன்டீ தாங்கோ" என்று உட்கார்ந்தார். ஏன் திரும்பினீர்கள் என்று கேட்கவில்லை, அந்தப் பெண் தானாகச் சொன்னார். மகளின் பாடசாலை பக்கத்தில் இருக்கிறது. தனியாகப் பிள்ளைகளோடு நிற்கிற பெண்ணுக்கு அறை தர யாரும் விருப்பமில்லை, தருகிறவர்களும் மாதக்கணக்கில் முற்பணம் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து எடுத்த முடிவு அது. எங்களுக்குப் பிடிக்காத முடிவு, ஆனால் யோசிக்காத முடிவு அல்ல. அக்கா செய்தது இரண்டு வேலை. அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள், கொஞ்சக் காசு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தங்கையின் வீட்டில் வைக்கச் சொன்னார். பெண்களுக்கான 1938 உதவித் தொலைபேசி இலக்கத்தை மனப்பாடம் செய்ய வைத்தார், தொலைபேசியில் பதிந்து வைத்தால் கணவன் பார்ப்பான். பிறகு ஒருநாள் அந்தப் பெண் வெளியே வந்தபோது பையை எடுத்துக்கொண்டு நேரே எங்களிடம்தான் வந்தார்.

பிள்ளைக்கு அடி விழுகிறது, அல்லது அதைவிட மோசமாக ஏதோ நடக்கிறது என்றால் கதை வேறு. அங்கே தாயின் விருப்பம், எங்கள் ரகசியம் காக்கும் வாக்கு எல்லாம் பின்னுக்குப் போய்விடும். சிறுவர் பாதுகாப்புக்கான 1929 தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் போக வேண்டும். இதைக் குடும்பத்துக்கு முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். "நீங்கள் சொல்கிற எதையும் வெளியில் சொல்லமாட்டேன்" என்று முழுசாக வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால் அந்தத் தோட்டத்தில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

ரகசியம் என்றதும் எல்லோரும் கோவையைப் பூட்டி வைப்பதைச் சொல்வார்கள். தோட்டத்தில் ரகசியம் போவது கோவையால் அல்ல, வாகனத்தால். நிறுவனத்தின் பெயர் எழுதிய வேன் ஒழுங்கை முகப்பில் நின்றால் பொதுக்குழாயடியில் இருக்கிற அத்தனை பேருக்கும் செய்தி போய்விடும். எங்கள் ஆட்கள் பிரதான வீதியில் இறங்கி நடந்துதான் உள்ளே போவார்கள். "மிஸ் எந்த வீட்டுக்கு?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பதில் சொல்லித் தப்பப் பார்ப்பதைவிட, உண்மையிலேயே நாலைந்து வீட்டுக்குப் போய் வருவது நல்லது. 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனம் வரிசையில் நின்ற நாட்களில் உதவிப் பொதிகள் நிறைய வந்தன, கூடவே கமராவும் வந்தது. பொதியை நீட்டுகிற கை, வாங்குகிற முகம், இரண்டும் ஒரே படத்தில் வேண்டுமாம். கணக்குக் காட்டப் படம் தேவை என்றால் அடுக்கி வைத்த பொதிகளைப் படம் எடுக்கலாம், கையெழுத்துப் பட்டியலைக் காட்டலாம். நன்கொடையாளர் யாரும் அதற்காக எங்களை விட்டுப் போனதாக எனக்கு நினைவில்லை.

களைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை செய்து செய்து உள்ளே ஒன்றுமில்லாமல் கருகிப்போகிற நிலையைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் எழுதினார். அவர் பார்த்ததும் இலவச மருத்துவ நிலையத்தில் விருப்பத்தோடு வந்து உழைத்தவர்களைத்தான். சம்பளத்துக்குக் கடனே என்று வந்தவர்களைவிட உயிரைக் கொடுத்து உழைக்கிறவர்களுக்குத்தான் இது முதலில் வரும். என் அனுபவத்தில் முதல் அறிகுறி அழுகை இல்லை, நக்கல். குடும்பங்களைப் பட்டப்பெயர் வைத்துப் பேசத் தொடங்குவார்கள். "அந்த ஆறு பிள்ளைக் கேஸ்" என்று சிரிப்பார்கள். அப்புறம் வீட்டுக்குப் போகாமலே போனதாக அறிக்கை எழுதுவார்கள். நக்கல் கேட்டதுமே ஆளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும், அறிக்கை பொய்யாகும் வரை காத்திருக்கக் கூடாது.

அதே 1974இல்தான் கொழும்பில் சுமித்ரயோ தொடங்கியது. மனம் உடைந்து வருகிறவர்களுக்குக் காது கொடுக்கிற தொண்டர்கள். அறிவுரை சொல்வதில்லை, பெயர் வற்புறுத்திக் கேட்பதில்லை, கேட்பது மட்டும்தான் வேலை. எங்கள் உத்தியோகத்தர்களுக்கும் அப்படி ஒரு காது வேண்டும். கிழமைக்கு ஒருமுறை மேற்பார்வையாளரோடு ஒரு மணித்தியாலம் என்று வைத்திருக்கிறோம். எத்தனை வீடு முடிந்தது என்ற கணக்கு அதில் வராது, எந்த வீடு இரவில் நினைவுக்கு வந்தது என்றுதான் கேட்போம். அதுவும் போதாத நாட்களில் 1926க்கு, அரச மனநல உதவி இலக்கத்துக்கு, எடுக்கச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. அது சனங்களுக்கு மட்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

சொந்தப் பொக்கெற்றிலிருந்து காசு கொடுப்பது எங்களிடம் தடை. கல்நெஞ்சம் என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை. ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்கும் தெரியும், மாதக் கடைசியில் உத்தியோகத்தர் பஸ்சுக்குக் கடன் வாங்குவார், பிறகு அந்த ஒழுங்கையையே தவிர்ப்பார். அவசரத்துக்கு அலுவலகத்தில் ஒரு சிறு நிதி இருக்கிறது, கையெழுத்து வைத்து எடுக்கலாம். நிறுவனம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த நிதியும் ஒழுங்கான பஸ் காசும் கொடுக்காமல் அர்ப்பணிப்பைப் பற்றிச் செயலமர்வு வைக்காதீர்கள். இலங்கையில் சமூகப் பணிப் பயிற்சி 1952இலேயே தொடங்கிவிட்டது. அப்படியிருந்தும் இதை ஒரு தொழிலாகக் கணக்கெடுத்துச் சம்பளம் கொடுக்க இன்னும் பலருக்கு மனம் வருவதில்லை, 'சேவைதானே' என்பார்கள்.

கடைசியாக, போகிற விதம். எங்கள் வேலையில் பாதி ஒப்பந்த வேலை, நிதி முடிந்தால் ஆளும் முடிந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள், திங்கட்கிழமை இலக்கம் வேலை செய்யாது என்று போனவர்கள் உண்டு. பின்னால் வருகிற ஆளை அந்த வீடுகள் வாசலோடு அனுப்பிவிடும். ஆகவே திட்டம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லத் தொடங்குகிறோம். புதிதாகப் பொறுப்பெடுக்கிறவரைப் பழையவர் கையோடு கூட்டிப்போய் அறிமுகப்படுத்த வேண்டும். புது ஆளே இல்லை என்றால் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தர், தாய்சேய் நல மருத்துவமாது என்று யாரிடம் எதற்குப் போக வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அரைகுறையாக நிற்கிற அலுவல்களின் ரசீதுகள், விண்ணப்பப் பிரதிகள் எல்லாம் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும், எங்கள் அலுமாரியில் அல்ல. அலுவலகத்தை மூடும்போது அலுமாரியையும் ஏலத்தில் விட்டுவிடுவார்கள்.